ஒன்றே ஒன்று பாக்கி

"இன்றே கடைசி" என்று எங்கே எழுதியிருந்தாலும் எனக்கு ஆகாது. ஜவுளிக்கடை வாசலில் கட்டிய பேனரானாலும் சரி, செல்போனில் வந்து விழும் செய்தியானாலும் சரி, முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஊரே முண்டியடிக்கும்போது இவளுக்கு மட்டும் தள்ளுபடி என்றால் அலர்ஜி என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். அலர்ஜி இல்லை, அருவருப்பு. ஓட்டல் சமையலறைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தவர்களுக்கு அதன்பிறகு அங்கே சாப்பாடு இறங்காது இல்லையா, அந்த மாதிரி.

நான் உள்ளே இருந்து பார்த்த சமையலறை, புதுச்சேரியில் மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்ன வீதியில் இருந்த குழந்தைகள் கவுன் கடை. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள் அவை. அது ரெடிமேட் கடை இல்லை. முன்பக்கம் மாதிரிக்கு நாலைந்து கவுன்கள் தொங்கும். அளவு கொடுத்தால் பின்கட்டில் இருக்கும் தையல்காரப் பெண்கள் நெஞ்சுப் பக்கம் சுருக்கம் பிடித்து, கையால் பூவேலை போட்டு, மூன்று நான்கு வாரத்தில் தைத்துக் கொடுப்பார்கள். கடற்கரை பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள், பிரான்சில் குடியேறிவிட்ட நம் ஊர்க் குடும்பங்கள், சனி ஞாயிறுகளில் காரில் வந்து இறங்கும் பெங்களூர்க்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கை. நான் முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, கணினி முன்னால் உட்கார்ந்து, கடைக்கு வரும் மெயில்களுக்குப் பதில் எழுதுவேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஒருமுறை கடைக்கு வந்து மெயில் முகவரி கொடுத்துவிட்டுப் போனவர்கள் சில நூறு பேர் இருந்தார்கள். பெண்ணுக்கு முன்பல் விழுந்துவிட்டது என்று ஒருத்தி எழுதுவாள். போன வருடக் கவுன் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது, அதே பூவைப் போட்டு நீளமாகத் தைத்துத் தர முடியுமா என்று இன்னொருத்தி கேட்பாள். முடியும், ஆனால் அளவு புதிதாக எடுத்து அனுப்புங்கள், அவள் சும்மா இருக்கப்போவதில்லை, அதற்குள் இன்னும் வளர்ந்துவிடுவாள் என்று நான் பதில் போடுவேன். கீழே என் பெயர் இருக்கும். கடையின் பெயரை மறந்தவர்கள்கூட என் பெயரை மறக்கவில்லை.

எங்கள் முதலாளியைக் கெட்டவர் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி கைக்கு வந்துவிடும், உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போ என்பார். அவரைக் கெடுத்தது சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்பு. இன்டர்நெட்டில் வியாபாரம் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்களாம். போகும்போது வேட்டி கட்டிய சாதாரணக் கடைக்காரராகப் போனவர், வகுப்பில் கழுத்தில் மாட்டிவிட்ட அட்டையைக் கழற்றாமலேயே கடைக்குள் வந்து நின்றார்.

"மெயில் லிஸ்ட்டுன்றது தங்கச் சுரங்கம்மா. நீ அதுமேல உக்காந்துகினு குசலம் விசாரிச்சிட்டு இருக்கிற" என்றார். "வாங்குறவங்களுக்கு யோசிக்க டைமே குடுக்கக் கூடாது. யோசிச்சா வாங்க மாட்டாங்க. ஆடி பொறக்குது. நேரு வீதியில ஒவ்வொரு கடையிலயும் கூட்டத்தப் பாத்தியா? நாம மெயில்ல போடுறோம் ஆடித் தள்ளுபடி. மூணே நாள்."

"சார், தேங்கிப்போன சரக்கத் தள்ளத்தான ஆடித் தள்ளுபடி போடுவாங்க? நம்மகிட்ட சரக்கே கெடையாதே. அளவு வந்தாத்தான தைக்கவே ஆரம்பிக்கிறோம்?"

"அது வாங்குறவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றுதான் நான் நினைத்தேன். கடைக்கு வந்து, பின்கட்டில் எட்டிப் பார்த்து, ஊசி குத்துகிற கைகளைப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். ஆனால் முதலாளிக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. முதல் வேலையாக எல்லாக் கவுன்களின் விலையையும் ஏற்றினார். அப்புறம் ஏற்றிய விலையின்மேல் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஏறக்குறைய பழைய விலையையே எழுதினார். எழுதிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, தன் கைவேலையைத் தானே ரசித்துப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கவுனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரெட்டியார்பாளையத்தில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த அப்பாவோடு சின்ன வயதிலேயே பிரான்சுக்குப் போய்விட்ட ஒரு பெண், பாரிசுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தாள். ஆடிக்கு வெகுநாள் முன்பே எனக்கு எழுதியிருந்தாள். அவள் மகளுக்கு எட்டு வயது. ஆகஸ்டு பதினைந்து, மாதா திருநாள் அன்று ரெட்டியார்பாளையம் கோயிலில் அந்தப் பிள்ளைக்குப் புதுநன்மை. கிறிஸ்தவப் பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள், வெள்ளைக் கவுன் போடுகிற நாள். லீவுக்கு ஊருக்கு வரும்போது கவுன் தயாராக இருக்க வேண்டும் என்றாள். கூடவே தபாலில் ஒரு உறை வந்தது. உள்ளே டிஷ்யூ தாளில் சுற்றி ஒரு லேஸ் துண்டு.

"அக்கா, இது எங்கம்மா கையால போட்ட தாந்தேல்" என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக மெயிலில் எழுதியிருந்தாள். லேஸை அந்தக் குடும்பங்களில் தாந்தேல் என்றுதான் பிரெஞ்சில் சொல்வார்கள். "என் புதுநன்மை கவுன்ல கழுத்துல இருந்தது. கவுன் நைஞ்சி போச்சி, இது மட்டுந்தான் மிச்சம். அம்மாவும் இப்ப இல்ல. பாப்பா கழுத்துல வச்சித் தச்சிடுங்க. பத்தரம்க்கா."

வாடிய மல்லிகையின் நிறத்துக்கு வந்துவிட்ட லேஸ் அது. துவைத்தால் நூல் விட்டுவிடுமோ என்று பயந்து துவைக்காமலேயே வைத்துத் தைத்தோம். ஆடி பிறப்பதற்கு முன்பே கவுன் முடிந்துவிட்டது. கவர் போட்டு, அவள் பெயரும் வாங்கவரும் மாதமும் எழுதிய சீட்டைக் குத்தி, உள் அலமாரியில் மாட்டினேன். படம் எடுத்து அனுப்பவா என்று கேட்டதற்கு, வேண்டாம், நேரில் வந்து பாப்பாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாள்.

மெயிலில் போடப் படம் வேண்டும் என்று முதலாளி தேடியபோது முன்பக்கம் தொங்கிய மாதிரிக் கவுன்கள் எல்லாம் தூசி பிடித்துக் கிடந்தன. நேராக அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைக் கவுனை எடுத்தார்.

"சார், அது ஆர்டர் கவுன்."

"ஃபோட்டோதானம்மா எடுக்கறேன், கவுனையா திங்கப் போறேன்?"

எடுத்தார். கழுத்தில் அந்த லேஸ் தெளிவாகத் தெரிந்தது. படத்துக்குக் கீழே, "ஒன்றே ஒன்று பாக்கி" என்று இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் போடச் சொன்னார். அதற்கும் கீழே, தள்ளுபடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. கடைசியில் என் பெயர்.

"என் பேரு வேணாம் சார். கடை பேரப் போடுங்க" என்றேன்.

"கடைய யாரு நம்புறா? உன்னத்தான் நம்புறாங்க" என்றார். பாராட்டு மாதிரித்தான் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டேன். என் நாற்காலியில் அவரே உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி என் பெயரை அடித்து, எல்லாருக்கும் அனுப்பினார்.

ஆர்டர்கள் கொட்டின. பின்கட்டுப் பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் முடிந்ததும், வாடிக்கையாளர்களின் அன்பான வேண்டுகோளுக்கிணங்க மேலும் இரண்டு நாள் என்று இன்னொரு மெயில் போனது. அப்படி ஒரு வேண்டுகோள் வந்து நான் பார்க்கவில்லை. அதற்கும் கீழே என் பெயர்தான். அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க, யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு வீதியில் போவதுபோல இருந்தது.

ஆடி பாதி தாண்டியிருக்கும். ஊருக்கு வந்துவிட்டோம், நாளைக்குப் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். கவுனுக்கு ஒரு இஸ்திரி போட்டுவிடலாம் என்று அலமாரியைத் திறந்தேன். ஹேங்கர் காலி. நான் குத்திய சீட்டு குண்டூசியோடு கீழ்த்தட்டில் கிடந்தது.

"அதுவா? பெங்களூர் பார்ட்டிக்குப் போச்சிம்மா" என்றார் முதலாளி. எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்குக் கடையைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் அவரே பார்சல் கட்டிக் கூரியரில் கொடுத்திருக்கிறார். "படத்துல இருக்கறதேதான் வேணும்னாங்க. அளவும் அதேதான். ஒண்ணு பாக்கின்னு நாமளே எழுதிட்டு இல்லன்னு சொல்ல முடியுமா? பேரு கெட்டுடாது? இந்தப் பொண்ணுக்கு வேற ஒண்ணு தச்சிக்கலாம்."

தப்பு செய்தவரின் முழி அவரிடம் துளிகூட இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்ட பெருமை முகத்தில் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த மெயில்கள் முழுக்கப் பொய். விலை பொய், மூன்று நாள் பொய், வேண்டுகோள் பொய். உண்மையாக இருந்த ஒரே வரி அதுதான், ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பெங்களூர் அம்மாவுக்கு உடனே எழுதினேன். தவறுதலாக வந்துவிட்டது, நானே பஸ் ஏறி வந்து வாங்கிக்கொள்கிறேன், பணம் முழுவதும் திருப்பித் தருகிறோம், வேறு எந்தக் கவுன் கேட்டாலும் தைத்துத் தருகிறோம், கழுத்தில் இருக்கும் லேஸை மட்டும் தொடாமல் வையுங்கள் என்று கெஞ்சி எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது. மரியாதையான மெயில். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள் என்று சிரிப்புக் குறி போட்டிருந்தாள். மகள் பிறந்தநாளுக்குப் போட்டுவிட்டாளாம், எல்லாரும் அழகு என்றார்களாம். லேஸ் மட்டும் பழசாக மஞ்சள் பூத்து இருந்தது, பிள்ளைக்குக் கழுத்தில் குத்தியது, டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துப் போட்டுவிட்டோம், அதனால்தான் விலை குறைத்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன், ஆகவே குறை சொல்லவில்லை, அடுத்த தள்ளுபடி எப்போது என்று கட்டாயம் தெரியப்படுத்துங்கள்.

அந்த அம்மாவை நான் எப்படித் திட்டுவது? அவள் நாங்கள் எழுதியதை நம்பினாள், அவ்வளவுதான்.

அந்த மெயிலை முதலாளிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளை செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தபடி, தொங்கும் கவுன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. எது தன்னுடையது என்று தேடியது.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி முந்திக்கொண்டார். "வாங்கம்மா, வாங்க. ஒரு சின்னத் தப்பு நடந்து போச்சி. உங்க கவுன் மாறி வேற பார்ட்டிக்குப் போயிடிச்சி. ஒண்ணும் கவலப்படாதீங்க, புதுசா, பளபளன்னு லேஸ் போட்டுத் தச்சித் தர்றோம். உங்களுக்கு மட்டும் பாதி வெல. இன்னிக்கே சொல்லிடணும், நாளைக்கின்னா இந்த ரேட்டு கெடையாது."

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. வெட்கம் கெட்டவர்களை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன், ஆனால் இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "தாந்தேல் எங்கக்கா?"

சொன்னேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். லேஸைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிள்ளை பிரெஞ்சில் என்னவோ கேட்டது. அவள் அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் அந்த மெயில் வந்துச்சிக்கா" என்றாள் கடைசியில். "படத்தப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சி, எங்கம்மா தாந்தேல்னு. நம்ம ஆயா போட்டது எவ்ளோ அழகா இருக்கு, ஊருக்கே காட்டுறாங்க பாருன்னு பாப்பாகிட்ட சொன்னேன். ஒண்ணே ஒண்ணு பாக்கின்னு போட்டிருந்தத எங்க வீட்டுக்காரரு கூட படிச்சிட்டு, இது நம்மளுதான, இத எப்பிடி விப்பாங்கன்னு கேட்டாரு. நாந்தான் சொன்னேன், கீழ அக்கா பேரு இருக்கு, ஒண்ணும் ஆவாதுன்னு."

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளைக்குச் செருப்பை மாட்டிவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தாள்.

நான் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அன்றே வெளியே வந்துவிட்டேன். ஆடி முடியட்டும்மா, அப்புறம் பேசிக்கலாம் என்றார் முதலாளி. மாதா திருநாள் அன்று ரெட்டியார்பாளையம் கோயில் வாசலில் போய்த் தூரத்தில் நின்றேன். வரிசையில் அந்தப் பிள்ளையும் நின்றது, கடையில் வாங்கிய விறைப்பான நைலான் கவுனில். கழுத்தில் ஒன்றும் இல்லை.

மறு வருடம் நான் வேறு இடத்தில் வேலையில் இருந்தேன். ஆடி பிறந்த அன்று காலையில் என் சொந்த முகவரிக்கு ஒரு மெயில் வந்தது. அந்த லிஸ்ட்டில் என் முகவரியும் இருந்தது எனக்கு மறந்தே போயிருந்தது. திறந்தால் அதே வெள்ளைக் கவுன், கழுத்தில் அதே லேஸ். மூன்று நாள் மட்டும். ஒன்றே ஒன்று பாக்கி. கீழே என் பெயர்.

எனக்கு வந்தது என்றால் அவளுக்கும் போயிருக்கும்.