எக்ஸ்ரே குற்றாலிங்கமும் விண்கப்பல் விதிகளும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் இரண்டாவது குடத்தை வைத்தபோது போன் வந்தது. குற்றாலிங்கத்தின் மகள். "மாமா, அப்பா போயிட்டாக" என்றாள். அழவில்லை. "அஞ்சு மணிக்கு மூச்சு வேகமாச்சு. அஞ்சரைக்கு மெதுவாச்சு. ஆறு மணிக்கு இல்ல" என்று வரிசையாகச் சொன்னாள். அப்படியே அவள் அப்பன்! அந்தச் சொல்முறையைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. என் மனைவி கோமதி வந்து குழாயை அடைத்தாள்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மிச்சமிருக்கும் இரண்டு மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சிறு விளக்கம். எண்பதுகளின் தொடக்கம் அது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குற்றாலிங்கம் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தான். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜராக இருந்த சண்முகம் அண்ணாச்சியின் மைத்துனர், கப்பல் வேலைக்குப் போனவர், சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகம் கொண்டுவந்தார். தாளும் பகடையும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு விண்கப்பல் மாலுமியாகப் பேசி ஆடும் ஆட்டம். ஒருவர் நடுவராக இருந்து, வெளியே வானத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுவார். சீசன் முடிந்தால் லாட்ஜ் காலி. கல்யாண வயது வந்த ஆண்பிள்ளைகள் ஞாயிறு மதியம் அங்கே உட்கார்ந்து செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே!

அந்தப் புத்தகத்தில் சென்சார் விதி, அதாவது கப்பலின் உணர்கருவிக்கான விதி, என்று ஒன்று உண்டு. நம் கப்பலின் கருவி தூரத்தில் ஒரு கப்பலைக் கண்டுவிட்டால் நடுவர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட வேண்டும்: யாருடைய கப்பல், எத்தனை பீரங்கி, எங்கே போகிறது. குற்றாலிங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. "ஏலே, இது சென்சாரா, ஜோசியக்காரனா? நான் தெனமும் படம் எடுக்கேன். படத்துல வெள்ளையா ஒரு திட்டு விழும். அது சளியா, தழும்பா, கட்டியான்னு படம் சொல்லாது. சில சமயம் டாக்டருக்கே தெரியாது" என்றான்.

இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த விதியை மாற்றி எழுதினான். நான்கு கார்பன் வைத்து நான்தான் தமிழில் டைப் அடித்தேன். கடைசிப் பிரதி மங்கல் என்று அதற்கும் ஒரு சண்டை. புது விதிப்படி இரண்டு கப்பல்காரர்களும் தனித்தனி அறையில் இருக்க வேண்டும். நடுவர் வராந்தாவில் நடந்து நடந்து, கேட்டவருக்கு மூன்று சங்கதி மட்டும் சொல்லுவார்: எவ்வளவு பெரிது, எவ்வளவு சூடு, அசைகிறதா இல்லையா. கூடுதலாக வேண்டுமென்றால் ரேடார் மாதிரி அலை அனுப்பிப் பார்க்கலாம். ஆனால் நாம் இருக்கும் இடம் எதிராளிக்குத் தெரிந்துவிடும். "கருவி கண்டதைத்தான் நடுவர் சொல்லுவார். அது என்னவென்று முடிவு கட்டுவது கப்பலில் இருப்பவர் பொறுப்பு" என்று கடைசி வரி.

முதல் நாளே வினை வந்தது. சண்முகம் அண்ணாச்சியும் நானும் ஓர் அறையில், மருந்து ஏற்றிப்போகும் கப்பலில். குற்றாலிங்கம்தான் நடுவர். "பெருசா இருக்கு. நல்ல சூடு. அசையல" என்றான் குற்றாலிங்கம். "கொள்ளைக்காரன் பதுங்கியிருக்கான், அடி!" என்றார் அண்ணாச்சி. அடித்தோம். பிறகு குற்றாலிங்கம் இரண்டு அறைக் கதவையும் திறந்துவிட்டான். எதிர் அறைக்காரர்களும் எங்களைப்போலவே அதே ஊருக்கு மருந்து கொண்டுபோனவர்கள். இன்ஜின் பழுதாகி நின்றிருக்கிறார்கள்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்று அண்ணாச்சி குதித்தார்.

"சூடுன்னுதான நான் சொன்னேன் அண்ணாச்சி? கொள்ளைக்காரன்னு சொன்னது நீங்க."

அடுத்து வந்த தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. பெண், வாசுதேவநல்லூர் கோமதி. கார்த்திகையில் பிடித்த இருமல் என்னை விடவில்லை. குற்றாலிங்கம்தான் படம் எடுத்தான். ஈரம் காயாத படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "வலது பக்கம் மேல ஒரு திட்டு இருக்குலே. அரைநெல்லிக்கா அளவு" என்றான்.

"டிபியா லே?"

"திட்டு இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

படத்தைப் பார்க்கப்போகும் டாக்டரோ பெண் வீட்டாருக்கு உறவினர். அந்தக் காலத்தில் டிபி என்ற பேச்சு காதில் விழுந்தாலே சம்பந்தம் முறிந்துவிடும். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு யாருடைய நல்ல படத்திலாவது என் பெயரை எழுதி டாக்டரிடம் கொடு என்று கெஞ்சினேன். காலைப் பிடிக்காத குறை.

"அது மட்டும் நடக்காது" என்றான். "டாக்டர் வெளியூர் போயிருக்காரு. நாளைக்கு ராத்திரிதான் வருவாரு. அதுக்குள்ள பொண்ணு வீட்டுக்குப் போயி நீயே சொல்லிரு. கண்டத மட்டும் சொல்லு. நான் கூட வாரேன்."

நீயெல்லாம் ஒரு சிநேகிதனா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுதக் கூசுகிறது. மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தான். வாசுதேவநல்லூரில் இறங்கியதும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். "நான் வரலலே. வந்தா, நான் சொல்லச் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றான்.

போய்ச் சொன்னேன். மாமனாராக வேண்டியவரின் முகம் இருண்டது. கதவுக்குப் பின்னாலிருந்து கோமதி கேட்டாள்: "எத்தன நாளா இருமல்? ரத்தம் வருதா?" ஒரு மாதமாக, ரத்தம் இல்லை என்றேன். "மருந்துல போயிருமா?" தெரியாது என்றேன். "தெரிஞ்சதும் வந்து சொல்லச் சொல்லுங்கப்பா. அதுவரைக்கும் வேற இடம் பாக்காண்டாம்" என்றாள்.

டிபிதான். ஒரு வருஷத்துக்கு மேல் மாத்திரை, ஊசி. தேறி எழுந்து, கல்யாணமும் நடந்தது.

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் கோமதி இதைச் சொல்லுவாள்: "டாக்டருக்கு முந்தி இவுகளே வந்து சொன்னாக. மறைக்கணும்னு இவுகளுக்குத் தோணவேயில்ல பாத்தீங்களா! அதுக்குத்தான் நான் காத்திருந்தேன்." குற்றாலிங்கம் எத்தனை தடவை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கேட்டிருப்பான்! "இன்னும் கொஞ்சம் அவியல் வைம்மா தங்கச்சி" என்பான். என் பக்கம் திரும்பவே மாட்டான். ஒருநாள் தெருமுனையில் வைத்து, நான் படத்தை மாற்றச் சொன்னதை ஏன்லே அவளிடம் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். "நீ போய்ச் சொன்ன. நான் கண்டது அதுதான்லே" என்றான்.

புதன்கிழமை அவனை வழியனுப்பிவிட்டு அவன் வீட்டில் வந்து உட்கார்ந்திருந்தபோது, கோமதி அவன் மகளிடமும் அதே கதையைச் சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அங்கே இருக்க முடியாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நான் மறைக்கப் பார்த்ததை அறிந்த ஒரே ஆளும் போய்விட்டான். இனி யாரும் சொல்லப்போவதில்லை. அந்த நினைப்பில் ஒரு கணம் எனக்கு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. உள்ளதைச் சொல்லிவிட்டு, அது என்னவென்று முடிவு கட்டுவதை எதிரே இருப்பவரிடம் விட்டுவிட வேண்டும். அதனால் முதல் மூன்று தாள்களைக் கோமதியிடம் கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறாள். இப்போது இந்தத் தாளுக்குக் கையை நீட்டுகிறாள்.