துவக்கு அலுமாரிக்கு நாலு போல்ற்

துவக்குச் செய்கிறவனுக்கு ஒரு கவலை, சுடுகிறவனுக்கு இரண்டு கவலை, அதைப் பூட்டி வைக்க அலுமாரி செய்கிறவனுக்கு ஊரிலுள்ள கவலை எல்லாம். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடி ஒரு முழுப் பகலைத் தொலைத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் என் ஆட்கள்தான். கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ.

வன்னியில், முள்ளியவளைப் பக்கம் றோட்டோரத்தில் எனக்கொரு இரும்புப் பட்டறை. கேற், ஜன்னல் கம்பி, கோழிக்கூடு எல்லாம் ஒட்டுவேன். இந்தப் பக்கம் பன்றியும் யானையும் வீடு தேடி வருகிறதால், அனுமதி எடுத்துத் துவக்கு வைத்திருக்கிற கமக்காரர் கொஞ்சப் பேர் உண்டு. அந்த அனுமதி கிடைக்க முதல், துவக்கை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று பார்க்க ஒரு உத்தியோகத்தர் வருவார். அவருக்கு இடம் பிடிக்காவிட்டால் கடதாசி இல்லை. அதனால் துவக்குக்குப் போக முதல் என்னிடம் வருவார்கள். எனக்குத் துவக்கைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு கதை. அதைக் கிளப்பி விட்டவனும் நான்தான்.

எந்தத் துவக்கு?

ஹனீபா நானா வந்தது ஒரு மார்கழிக் காலை. பனி இன்னும் றோட்டை விட்டு எழும்பவில்லை. ஓட்டோ தெரியாமல் அதன் சத்தம் மட்டும் வந்து பட்டறை வாசலில் நின்றது. அவரும் மனுசி ரஹீமா ராத்தாவும் இருபது வருசத்துக்கு மேல் புத்தளத்தில் அகதியாய் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, காணியைத் துப்புரவாக்கி நெல் விதைக்கிறவர்கள். போன அறுவடைக்கு யானை குசினிச் சுவரைத் தள்ளி, உள்ளே அடுக்கியிருந்த நெல்லில் மூன்று மூட்டையையும் உப்புச் சாடியையும் முடித்துவிட்டுப் போயிருந்தது. யானை விரட்டுகிற வெடியைக் கொளுத்திப் போட்டால் அது காதை ஆட்டிக்கொண்டு நின்று கேட்கிறதாம். புத்தளத்தில் இருக்கிற மகன் முடிவாய்ச் சொல்லிவிட்டான்: இந்த முறையும் இப்படி நடந்தால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவான், பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க விடமாட்டான். ஆகவே அறுவடைக்கு முதல் துவக்கு வேண்டும். துவக்குக்கு முதல் அலுமாரி வேண்டும்.

நானா ஒரு படம் கொண்டு வந்திருந்தார். இரட்டைக் குழல் துவக்கு, பிடிக் கட்டையில் மான் செதுக்கினது. ஒற்றைக் குழல் போதும், பாரம் குறைந்ததாய், ராத்தாவும் தூக்கக் கூடியதாய் எடுங்கோ என்றேன். யானையைச் சுடுகிறதில்லை, சுடவும் கூடாது. வெடிக்குப் பழகினாலும் துவக்குச் சத்தத்துக்கு ஓடும், அது போதும். ஆனால் மான் அவரை விடவில்லை. ஆகவே நெடுங்கேணிப் பக்கத்து மனிதர் ஒருவரின் கதையை எடுத்துவிட வேண்டி வந்தது. அவர் இரண்டு குழலையும் ஒன்றாய் வெடிக்க வைத்து, பின்பக்கமாய்ப் பறந்துபோய் விழுந்த இடம், முப்பது வருசத்துக்கு முதல் அவர் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன வீட்டு முற்றம். அந்த வீட்டார் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். நானா அந்தப் பெண்ணுக்குப் பிறகு கலியாணம் நடந்ததா என்று மட்டும் விசாரித்தார். ஓட்டோவுக்குள் இருந்த ராத்தா அப்போதுதான் வாய் திறந்தா.

"எந்தத் துவக்கெண்டாலும் பரவாயில்லை அண்ணை. இவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுக்கிறதுக்குள்ள யானை திண்டு முடிச்சு வாயும் கழுவிப்போடும்."

ஒளிக்கிற இடங்கள்

அளவெடுக்க வீட்டுக்குப் போனேன். வெயில் ஏறி, வயலில் இருந்து ஆவி கிளம்பி, வீடு நிலத்தை விட்டு ஒரு சாண் மேலே மிதக்கிற மாதிரி இருந்தது. துவக்கு வந்தால் எங்கே வைக்கிற யோசனை என்று கேட்டதுதான் தாமதம், நானா இடங்களைக் காட்டத் தொடங்கினார். கூரை வளைக்கு மேலே ஒன்று. பாய்ச் சுருளுக்குள் ஒன்று. கடைசியாய், பெருமையோடு, நெல் மூட்டைகளுக்கு நடுவில் ஒன்று. யானை தேடி வருகிறதே நெல்லைத்தானே, முதலில் துவக்கு அதன் கையில் அல்லவா கிடைக்கும் என்றேன். நானா மூட்டைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த இடத்தைக் கணக்கில் இருந்து நீக்கினார்.

வன்னியில் ஒளிக்கிற கலையை ஒருவருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் காணி உறுதிப் பத்திரத்தை உப்புக்குள்ளும், நகையைக் கிணற்றுக் கட்டுக்குள்ளும், மோட்டார் சைக்கிளை முழுதாய் மண்ணுக்குள்ளும் வைத்து எடுத்தவர்கள் நாங்கள். என் சிநேகிதன் ஒருவன் தையல் மெசினைப் புதைத்துவிட்டு ஏழு வருசம் கழித்துக் கிண்டினான். புதைத்த அன்று அரைவாசியில் நின்ற சட்டையை அது தானே தைத்து முடித்து, பொத்தானும் வைத்திருந்தது. ஆனால் துவக்கு அப்படியான சாமான் இல்லை. ஒளித்த இடம் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், கள்ளனுக்கும் தெரிந்துவிடும். மறக்கிறது ஒளித்தவன் மட்டும். தோட்டாவைக் கழற்றி, குழலுக்கு எண்ணெய் பூசி, இரும்புக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. துவக்குச் சாவி ஒருவரிடம், தோட்டாச் சாவி மற்றவரிடம். நான் இதை ஒரு பிரசங்கம் போலச் சொல்லி முடிய, ராத்தா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு சொன்னா:

"ஒளிச்சு வைக்கிறது எங்களுக்குக் கைவந்த வேலை அண்ணை. பூட்டி வைக்கிறதுதான் புதுசாக் கிடக்கு."

சாவி இரண்டு

எதற்கு இரண்டு சாவி, நாங்கள் சண்டை பிடிக்கிறதில்லையே என்றார் நானா. ராத்தா கூரையைப் பார்த்தா. அவருக்காக நான் சொன்னது, நாயாற்றுக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு தம்பதியின் கதை. மனுசனிடம் துவக்குச் சாவி, மனுசியிடம் தோட்டாச் சாவி. மீன் குழம்பில் புளி கூடிப்போச்சு என்று அவர் சொன்னதில் இருந்து மூன்று நாளாய் இருவருக்கும் பேச்சில்லை. அந்த நேரம் பார்த்துப் பொழுது சாயப் பன்றிக் கூட்டம் ஒன்று மரவள்ளிக்குள் இறங்கிவிட்டது. அவர் ஆட்டைப் பார்த்து, தோட்டா வேணுமாம் எண்டு சொல்லு என்றார். அவா கோழியைப் பார்த்து, புளி கூடின வீட்டில தோட்டா இல்லையாம் எண்டு சொல்லு என்றா. ஆடும் கோழியும் போய் வந்து களைத்ததுதான் மிச்சம். பன்றிகள் மரவள்ளியை முடித்து, என்ன முடிவு வருகிறதென்று பார்க்க மாமரத்துக்குக் கீழே படுத்து நித்திரையாகிவிட்டன. விடியப் பனிக்குள் அவை ஒவ்வொன்றாய் எழும்பி, சொல்லிக்கொள்ளாமல் போனதைத் தான் கண்ணால் கண்டதாய் அவரே சொன்னார்.

அடுத்த நாள் அவர் என்னிடம் வந்து, இரண்டு பெட்டிக்கும் ஒரே சாவி போட்டுத் தரச் சொன்னார். மாட்டேன் என்றேன். கோபத்தில் இருக்கிற வீட்டில் துவக்கும் தோட்டாவும் ஒரு கைக்குள் வரக் கூடாது என்பதற்குத்தானே இந்த ஏற்பாடு. பன்றி திண்ட மரவள்ளி அடுத்த வருசமும் வரும். பின்னாலேயே வந்த அவர் மனுசியும் என் பக்கம் நின்றா, ஆனால் வேறு காரணத்துக்கு.

"ஒரு சாவியாக்கிப் போடாதேங்கோ ஐயா. இவர் என்னைத் தேடி வந்து கதைக்கிறதுக்கு மிஞ்சிக் கிடக்கிறது அந்தப் பெட்டி ஒண்டுதான்."

கைபிடி

நானாவின் அலுமாரியைச் செய்து கொண்டுபோய் இறக்கினேன். நாலரை அடி உயரம், நல்ல பூட்டு, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி. அவர் கேட்டபடி இரண்டு பக்கமும் கைபிடி, இரண்டு பேர் தூக்கி உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கக் கூடிய பாரம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் செய்த எல்லா அலுமாரியிலும் கைபிடி இருக்கிறது. கேட்காவிட்டாலும் என் கை ஒட்டிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு சாமானை வாங்கும்போது சனம் அழகைப் பார்க்க முதல் ஒருக்கால் தூக்கிப் பார்க்கும்.

உத்தியோகத்தர் வரப் பிந்தியது. மரநிழலில் கண்ணயர்ந்துவிட்டேன். வன்னியிலுள்ள அலுமாரிகள் எல்லாம் வரிசையாய் நடந்து போகக் கண்டேன். முன்னால் துவக்கு அலுமாரிகள், பின்னால் உடுப்பு அலுமாரிகள், அவற்றின் காலுக்குள் சின்னஞ்சிறிய மருந்துப் பெட்டிகள். தூசி கிளம்பாமல், ஒன்றோடு ஒன்று கதையாமல். ஒரு சாய்மனைக் கதிரை மட்டும் களைத்து, நின்று நின்று வந்தது. எங்கே போகிறீர்கள் என்றேன். உனக்குத் தெரியாதா என்பது போல எல்லாம் கைபிடியை ஆட்டின.

மோட்டார் சைக்கிள் சத்தத்தில் முழித்தால், முன்னால் உத்தியோகத்தர் நிற்கிறார். சின்ன வயது, பொறுமையான பிள்ளை. பூட்டைத் திறந்து, பூட்டி, திருப்தியாய்த் தலையாட்டினார். பிறகு ஒரு கைபிடியைப் பிடித்தார். அலுமாரி அவரோடு இரண்டடி நடந்தது. கோபிக்காமல் விளங்கப்படுத்தினார்: நல்ல செங்கல்லுச் சுவரில் நாலு போல்ற் போட்டு இறுக்க வேண்டும், வியாழக்கிழமை திரும்ப வருவார், அப்போதும் இப்படி இருந்தால் இல்லை என்று எழுதத்தான் வேண்டும், பிறகு அறுவடை முடிந்துதான் அடுத்த பேச்சு. போகும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்:

"பூட்டு நல்ல பூட்டு ஐயா. ஆனா கள்ளன் கஷ்டப்படக் கூடாதெண்டு ரெண்டு பக்கமும் கைபிடி வைச்சுக் குடுத்தது ஆர்?"

துளை

புதன்கிழமை துளைக்கிற மெசினோடு போனேன். நானா அறைச் சுவரோடு கதிரையைப் போட்டு, சுவரை மறைத்துக்கொண்டு இருந்தார். சுவர் வெடிக்கும் என்றார். பிறகு, கரண்ட் சரியில்லை என்றார். பிறகு, மேசனையும் ஒருக்கால் கேட்போம் என்றார். நானும் அவசரப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே காற்று நெல்லின் மேல் நடந்து வந்தது. வயல் முழுதும் வீட்டைப் பார்த்து வந்து, படிக்குக் கிட்ட நின்று, திரும்பிப் போனது. கதிர் முற்றிவிட்டது. அந்த வாசம் யானைக்கும் போயிருக்கும்.

தொண்ணூறில் முஸ்லிம் சனம் முழுதையும் ஊரை விட்டு வெளிக்கிடச் சொன்ன அன்று கிடைத்தது இரண்டு மணித்தியாலம் என்று சொன்னார் நானா. வாப்பாவின் முதிரை மர அலுமாரி, நாலு பேருக்கும் அசையாது. பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாராம். சாவி இன்னும் இருக்கிறது. அலுமாரியும் இல்லை, அது நின்ற வீடும் இல்லை. எதையாவது சுவரோடு இறுக்கினால் மற்ற நாளே யாராவது வந்து வெளிக்கிடு என்று சொல்லுவார்கள் போலக் கிடக்கு என்றார். இதற்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்திருக்க வேண்டும். மெசினைக் கையில் பிடித்தபடி அதைத் தேடிக்கொண்டு நின்றேன்.

ராத்தா குசினியில் இருந்து ஒரு கரித்துண்டோடு வந்தா. நானாவை எழுப்பிக் கதிரையைத் தள்ளி வைத்தா. சாணால் அளந்து சுவரில் நாலு புள்ளி வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனா. என் அளவுக்கும் அவாவின் அளவுக்கும் ஒரு விரல் வித்தியாசம். அலுமாரியில்தான் ஓட்டையை மாற்றினேன். சிவப்புத் தூள் நானாவின் தலையெல்லாம் கொட்டியது, அவர் விலகவில்லை. நாலாவது போல்ற் இறுகியதும் இரண்டு கைபிடியையும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. இன்னொருக்கால் உலுக்கினார்.

வியாழக்கிழமை அந்தப் பிள்ளையும் வந்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, கடதாசியில் கையெழுத்து வைத்துக்கொண்டு போனார். அவர் படலை தாண்ட முதல் மகனின் போன். சரிவராவிட்டால் சொல்லுங்கோ, வெள்ளிக்கிழமையே வந்து கூட்டிக்கொண்டு போறன் என்கிறான். நானா போனை மனுசியிடம் நீட்டினார். ராத்தா ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினா.

"வா மகன், லொறி ஒண்டு பிடிச்சுக்கொண்டு வா. அங்க கிடக்கிற எங்கட சாமான் முழுதையும் ஏத்திக்கொண்டு வா."

துளை போடுகிறதற்குக் கூலி உண்டு. துளை போடு என்று வீட்டுக்காரர் சொல்லும் வரை மெசினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறதற்குத்தான் இந்தத் தொழிலில் இன்னும் ஒரு கூலி வைக்கவில்லை.