உப்பு வந்து சேர்ந்த நாள்

ஏற்காட்டில் டீக்கடை நடத்திய ஜைனப்புக்கு நாக்கு கூர்மை. 1988 தை மாதம் கடைக்கிணற்றுத் தண்ணீரில் புளித்த வாடை வந்ததை முதலில் கண்டவளும் அவள்தான். மேட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் கழுவிய தண்ணீரை ஒரு குழியில் விட்டார்கள்; அதுதான் இறங்கி வருகிறது என்று மனுப் போட்டாள்.

சேலத்திலிருந்து வந்த நிலத்தடி நீர் இன்ஜினியர் தேவசிகாமணி, கட்டம் போட்ட தாளை விரித்துக் கணக்குப் போட்டார்.

"சரிவு ஓடைப்பக்கம் போகுதுங்கம்மா. குழித் தண்ணி உங்க கிணத்துக்கு வராதுங்க."

"ஏனுங்க, மோட்டாரைக் கணக்குல சேத்தீங்களா? நடுவுல மோட்டார் கெட்டு ஒரு மாசம் வாளியிலதான் எறைச்சோம். வாடையே இல்லீங்க. மோட்டார் வந்து மூணு வாரத்துல மறுபடி வந்துருச்சு."

சேர்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டு அவர் புதுத் தாளை எடுத்தார். மோட்டார் ஓடும் நேரம், இறைக்கும் அளவு எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுவாரம் புதுக் கணக்கோடு வந்தார். மோட்டார் சரிவை மீறிப் பாறை வெடிப்பு வழியே தண்ணீரை இழுக்கிறது. குழியில் கரைவது பத்தொன்பது நாளில் கிணற்றை எட்டும்.

சோதித்துப் பார்க்க, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் சம்மதத்தோடு குழியில் எட்டு மூட்டை கல்லுப்பைக் கரைத்தார்கள். தண்ணீரில் உப்பு கூடினால் எண்ணில் காட்டும் சிறு மீட்டரை ஜைனப்பிடம் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் காலையில் அதன் கம்பியைத் தண்ணீரில் முக்கி, எண்ணைச் சுவரில் கரியால் எழுதினாள். டீ குடிக்க வருகிறவர்கள் முதலில் சுவரைத்தான் பார்த்தார்கள்.

பதினெட்டாம் நாள் எண் கொஞ்சம் ஏறியது. மறுநாள் ஒரேயடியாக எகிறியது. அவள் தபால் ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சேலத்துக்குப் போன் போட்டாள்.

"சார், வந்துருச்சுங்க. நீங்க சொன்ன அதே நாள்."

"நீங்க சொன்னதுங்கம்மா. நான் கணக்குத்தான் போட்டேன்."

அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் அவள் கையால் ரவா கேசரி கிடைத்தது.

எஸ்டேட்காரர்கள் குழியை மூடி, ஓடைக்கு எட்டாத மறுசரிவில் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். ஆவணி மழைக்குள் தண்ணீர் தெளிந்தது. மீட்டர் ஜைனப்பிடமே இருந்தது. எங்காவது கிணறு கெட்டால் இன்ஜினியர் சொல்லி அனுப்புவார். கடையைக் கணவர் ஷேக் தாவூதிடம் விட்டுவிட்டு, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு தலைச்சோலை போன்ற மலையூர்களுக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போவாள். அங்கே இறங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி: "மோட்டார் எத்தன மணி நேரம் ஓடுதுங்க?"