ரெண்டு நிமிஷ ஒதுக்கு

ஐஸ் ஹாக்கி பற்றி நான் எழுதிய ஒரே செய்தி நான்கு வரி. அப்போது ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் விளையாட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஆட்டத்துக்குப் புதிதாக வந்த ஆசிய நாடுகளுக்கென்று ஒரு போட்டி நடந்தது. இந்திய அணியும் போயிற்று, மோசமாகத் தோற்றது. ஏஜென்சி அனுப்பியதை வெட்டி, பக்கத்தின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் போட்டேன். ஆட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது கொல்லிமலையில். அடுத்த வருடம் நாமக்கல்லுக்கு நிருபராக மாற்றினார்கள். மாசியில் மிளகு அறுவடை பற்றி எழுத அங்கே அரியூர் நாடு என்னும் மலைக்கிராமப் பகுதிக்குப் போயிருந்தேன். மதியம் டீக்கடையில் ஒதுங்கியபோது டிவி முன்னால் கூட்டம். லடாக்கில் பட்டாளத்தில் இருக்கும் உள்ளூர்க்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். அவருடைய பட்டாளத்தில் இருந்த இரண்டு பேர் அந்த இந்திய அணியில் ஆடியவர்களாம். நான் நான்கு வரியில் முடித்த போட்டியின் ஓர் ஆட்டத்தை சிடியில் கொண்டுவந்திருந்தார்.

"எந்த ஊருல நடக்குது?" என்றார் கடைக்காரர்.

"பாலைவனத்துலங்க."

"மணல்ல ஏது ஐஸு? லீவு முடியறதுக்குள்ள எங்களுக்குக் காது குத்திட்டுத்தான் போவ போல."

"பெரிய கட்டடத்துக்குள்ள மெசின் வெச்சு உறைய வெச்சிருக்காங்கண்ணா. நம்மாளுக உறைஞ்ச குளத்துல பழகினவங்க. அங்க சுத்திலும் செவுரு கெடையாது. இங்க ரப்பர் வில்லை பலகைல பட்டுத் திரும்பி வருதுல்ல, அதுலதான் தடுமாறுறாங்க."

என் நான்கு வரியில் இது இல்லை. குறித்துக்கொண்டேன்.

கடைக்கு வெளியே, கதவு நிலையில் கை வைத்தபடி ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பெஞ்சில் இடம் இருந்தது. உட்காரச் சொல்லலாமே என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். வெளியே நிற்பவருக்கு அண்ணனோடு வரப்புத் தகராறு. ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் கீழே இறங்கி போலீசுக்குப் போய்விட்டார். ஊர் அவரை ஒதுக்கி வைத்திருக்கிறது. யாரும் அவரிடம் பேசக் கூடாது, அவர் மிளகுக் காட்டுக்கு வேலைக்குப் போகக் கூடாது. கூட்டத்தின் முன் விழுந்து கும்பிட்டால் சேர்த்துக்கொள்வார்கள். போலீசுக்குப் போனது தப்பில்லை, விழ மாட்டேன் என்கிறார். அவருடைய மிளகு பழுத்து, கொடியிலிருந்து உதிர ஆரம்பித்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களில் உயர ஏறிய கொடி. ஏணி பிடிக்க ஆள் இல்லாமல் பறிக்க முடியாது. அவரை ஒதுக்கி வைத்த ஊர்த்தலைவர், ஊர்க்கவுண்டர், முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

திரையில் இந்திய ஆட்டக்காரர் ஒருவர் எதிராளியின் காலைத் தட்டிவிட்டார். நடுவர் கை காட்ட, அவர் ஓரத்திலிருந்த கண்ணாடி அறைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்தார்.

"ஒதுக்கி வெச்சுட்டாங்க" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு வாசலில் நிற்பவரின் நினைவு வந்து நிறுத்தினார்கள்.

வெளியே நின்றவர் தெருவைப் பார்த்தபடி கேட்டார். "எத்தன நாளைக்கோ?"

பட்டாளத்துக்காரர் டிவியைப் பார்த்தபடி பதில் சொன்னார். "ரெண்டு நிமிஷமுங்க. அது வரைக்கும் அவன் கட்சி ஒராளு கொறச்சலாத்தான் ஆடோணும்."

"அப்பறம் யாரு கூப்புடுவாங்களோ?"

"கூப்புட வேண்டாமுங்க. நேரம் ஆச்சுன்னா அவனே கதவத் தொறந்துட்டு வந்துருவான்."

யாரும் அவரோடு பேசவில்லை. டிவியோடு பேசினால் குற்றமில்லை என்று அந்த நிமிடத்தில் ஒரு ஏற்பாடு உண்டாகிவிட்டது. இதற்குள் எதிரணி கோல் போட்டது. இரண்டு நிமிடம் ஆகுமுன்பே கண்ணாடி அறைக்காரர் வெளியே வந்தார்.

"இவன ஏன் அதுக்குள்ள உட்டுட்டாங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒராளு இல்லாம கோல் வாங்கியாச்சுல்லண்ணா. அந்தத் தண்டன போதுமுன்னு."

ஊர்க்கவுண்டர் முதல்முறையாக வாயைத் திறந்தார். அவரும் டிவியைத்தான் பார்த்தார். "உள்ள போனவன் நடுவர்கிட்ட மல்லுக்கு நின்னானா?"

"இல்லீங்க மாமா."

"விழுந்து கும்புட்டானா?"

"அதுவும் இல்லீங்க. போயி உக்காந்தான், அவ்வளவுதான்."

வாசலில் நின்றவர் ஆட்டம் முடியும்முன் போய்விட்டார். இந்தியா நிறைய கோல் வாங்கித் தோற்றது.

கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு கடைக்காரர் வீட்டில் தங்கினேன். காலையில் கோயிலுக்கு முன்னாலிருந்த கல்லில், நேற்று வாசலில் நின்றவர் தனியாக உட்கார்ந்திருந்தார். கை கட்டவில்லை, தலைத்துண்டை எடுக்கவில்லை. காட்டுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். கவுண்டரும் பார்த்தார். நின்றார். பிறகு கடைக்கு வந்து டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னத்துக்கு உக்காந்திருக்கானாம்?" என்றார் கடைக்காரர்.

"கண்ணாடி அறைதான்" என்றார் பட்டாளத்துக்காரர்.

வெயில் கல்லின் மேல் ஏறியதும் அதில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார். நேராகக் கடைக்கு வந்து, படியைத் தாண்டி, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். கடைக்காரர் கெட்டிலைப் பிடித்தபடி கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் ஓடாத டிவியைப் பார்த்தார்.

"டீ குடுக்கறது" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

டீ வந்தது. அவர் பாதி குடிக்கும்வரை கவுண்டர் பொறுத்திருந்தார்.

"எத்தன ஏணி வேணுமாம்?"

டம்ளரை வைத்துவிட்டு அவர் கவுண்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "மூணு இருந்தாப் போதுங்க மாமா."

அவர் போன பிறகு கவுண்டரிடம் கேட்டேன், நேற்றுப் பார்த்த ஆட்டத்தினால்தானா என்று. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பேப்பர்க்காரரே, மொளகு உதிருதுங்க. ஆட்டத்துக்கும் இதுக்கும் என்ன இருக்குது?"

இது ஒப்புக்கொண்டதா மறுத்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. செய்தியில் மிளகை மட்டும் எழுதினேன்.

மதியம் கிளம்பும்முன், ஒதுக்கப்பட்டிருந்தவரின் காட்டுப் பக்கம் போனேன். மூன்று மரங்களில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். பட்டாளத்துக்காரர் ஒரு மூங்கில் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரப்புத் தகராறு செய்த அண்ணன் வந்திருக்கிறாரா என்று அவரிடம் கேட்டேன்.

"அவரு வரலீங்க" என்றார், பிடித்திருந்த ஏணியைத் தட்டிக் காட்டி. "இது அவரோடது."