ரெஜினா அக்கா பரிமாறாத பிரியாணி

தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. சென்ற செவ்வாய்க்கிழமை பத்து மணி ஓய்வில் லாக்கரைத் திறந்தபோது, ஷீலா ஒன்பது முறை அழைத்திருந்தாள். ரெஜினா அக்காவின் மகள். எனக்கு அழைக்கிற பழக்கமே இல்லாதவள். உடனே திருப்பி அழைத்தேன். “ஆண்டி, அம்மா எந்திரிக்கல,” என்றாள். இரவு தூக்கத்திலேயே அக்கா இறந்துபோயிருந்தார்.

ஈப்போ ஜெலாப்பாங்கில், நம் தொழிற்சாலையில், பதினெட்டு ஆண்டுகள் நம்மோடு ஒரே வரிசையில் நின்று சர்க்யூட் பலகைகளைச் சோதித்தவர் அக்கா. சனிக்கிழமைகளில் விருந்துகளுக்குச் சமைத்தார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் சமையல்காரம்மா என்று யாராவது கூப்பிட்டால் அவர் முகம் சுருங்கிவிடும். “நான் ஃபேக்டரி ஆளுலா. இது சும்மா சைடுல,” என்பார். சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவர். அங்கே சாப்பிட்ட எதையும் வெளியாருக்கு அவர் சமைத்ததில்லை. கைப்பேசியில் காணொளி பார்த்து, ஈப்போவின் பெரிய கேட்டரிங்காரர்கள் செய்வதைப் போலவே செய்யப் பார்ப்பார். “கருவாட்டுக் குழம்பைப் போயி யாரு கேப்பா?”

சில ஆண்டுகளுக்கு முன், சிலிபினில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம். நூற்றிருபது பேர், மாலை ஆறு மணிக்கு விருந்து. நான் உதவிக்குப் போயிருந்தேன். அன்று தொழிற்சாலையில் எல்லோருக்கும் ஓவர்டைம் போட்டிருந்தார்கள். அக்கா முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தும் நாலு மணிக்குச் சூப்பர்வைசர் கைப்பேசியில் அழைத்தார். ஆட்டிறைச்சி பிரியாணி தம்மில் இருந்தது. “கமலா, தீயைப் பாத்துக்க. அஞ்சே நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு அக்கா வாசலுக்குப் போனார்.

அவர் போனதும் என் கைப்பேசி அடித்தது. என் கணவர். சனிக்கிழமையும் வீட்டில் இல்லை என்று சண்டை. பேசிக்கொண்டே பின்பக்கக் கேட்டுவரை நடந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கருகல் வாடை மண்டபத்துக்குள்ளேயே வீசியது.

அக்காவும் ஓடிவந்து மூடியைத் திறந்தார். மேல் சோற்றை ஒரு வாய் தின்று பார்த்தார். புகை வாடை அதிலும் ஏறியிருந்தது. “தீ ஜாஸ்தியாயிடுச்சு போலக்கா,” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மணி நாலே முக்கால். எங்கேயாவது ஓடிப்போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது.

பிறகு பட்டியல் சொன்னார்: கருவாடு, கத்தரிக்காய், புளி, தக்காளி. கடைக்கு ஓடினேன். பொரிக்க ஊறவைத்த கோழியைப் பிரட்டலாக்கினார், வெள்ளைச் சோறு வடித்தார், ரசம் கூட்டினார். ஆறடிக்கப் போகும்போது பெண்ணின் அப்பா உள்ளே வந்தார்.

“கருவாடா? நிச்சயத்துக்கா? பிரியாணின்னுதானே சொன்னோம்!”

“அடி பிடிச்சிருச்சுண்ணே. அதை உங்க ஆளுங்களுக்குப் போட மாட்டேன். என் தப்பு. இது நான் சின்ன வயசுலேர்ந்து சமைக்கிற சாப்பாடு. இதைத்தான் போடுவேன்.”

அவர் கத்தினார். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமல் நின்று கேட்டுக்கொண்டார். விருந்தில் சிலர் பிரியாணி எங்கே என்று கேட்டு, பாதி சாப்பாட்டில் எழுந்தார்கள். பலர் குழம்பை மறுபடி கேட்டார்கள். பெண்ணின் அப்பா கடைசிவரை எங்களிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த மாதமே, அன்று சாப்பிட்ட இரண்டு குடும்பங்கள் “அந்தக் கருவாட்டுச் சாப்பாடே வேணும்” என்று அக்காவைத் தேடி வந்தன.

அதன் பிறகு ஆர்டர் பெருகியது. ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பில் போனது. ஒருநாள் ஷீலா என் எதிரிலேயே, “ஊருக்கெல்லாம் சோறு, எனக்கு மட்டும் மேகியாம்மா?” என்று கேட்டாள். அக்கா அந்த வாரம் வந்த பெரிய ஞாயிறு ஆர்டரை வேண்டாம் என்றுவிட்டார். “வேலையை விட முடியாது, அடுப்பையும் விட முடியாது. ஞாயித்துக்கிழமை அவளுக்கு,” என்றார். கடைசிவரை அதில் மாறவே இல்லை.

என்னால்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒருநாள் கேண்டீனில், பிரியாணி கருகிய உண்மையைச் சொன்னேன்.

“தெரியும்லா. வாடை வந்து ஓடியாறப்ப, நீ பின்கேட்டுகிட்ட நின்னு போன் பேசுனதைப் பாத்தேன்.”

“அப்புறம் ஏன்கா உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“என் பேருல போற சோறுலா. தப்பு மட்டும் உன் பேருல போகுமா? நான்தானே சமையக்காரி.”

அந்தச் சொல்லைத் தனக்கென்று அவர் சொல்லி நான் கேட்டது அதுவே முதல் முறை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டதும் அதுதான்: செய்ததற்குத் தன் பெயரைக் கொடுக்கும் துணிவு. எனக்கு அது வரத் தாமதமாகிவிட்டது. அன்று மண்டபத்தில் சாப்பிட்டவர்களில் சிலராவது இதைப் படிப்பீர்கள். தீயை விட்டுவிட்டுப் போனது ரெஜினா அக்கா அல்ல. நான்தான், கமலா.