பட்டு கட்டிய பாறை

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. சாலையோரம் பாதி வெட்டிய குன்று. டயர் மாற்ற நேரமாகும் என்கிறார் கண்டக்டர். எனக்குப் பாறைகள் மேல் ஒரு பித்து. எந்த ஊரிலும் ஒன்றையாவது தொட்டுப் பார்க்காமல் திரும்ப மாட்டேன். கல்குவாரிக்குள் இறங்குகிறேன்.

குழியின் அடியில் வீடு போலப் பெரிய பாறை ஒன்று தனியாகக் கிடக்கிறது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பட்டு சுற்றியிருக்கிறார்கள். மலையை வெட்டிப் பிழைப்பவர்கள் இந்த ஒரு கல்லைக் கும்பிடுகிறார்களே என்று மனம் நெகிழ்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்புகிறேன்.

பாறை நிழலில் உட்கார்ந்திருக்கும் பெண் நிமிர்ந்து பார்க்கிறார்.

"கும்புடாதீங்க சார். இதுக்கு அடியில எங்க ஊட்டுக்காரரு கீறாரு."

போன வருஷ மழையில் சரிந்து அவர்மேல் விழுந்த பாறையாம். கிரேன் வைத்தும் அசையவில்லை. உடைத்தால்தான் உடலை எடுக்கலாம். கூட வேலை செய்தவர்கள் பயந்துபோய் மஞ்சள் பூசினார்கள். பட்டு, குவாரி முதலாளி கட்டியது.

"எலும்பையாவது எடுத்துக் குடுங்க, கொளுத்திட்டுப் போறேன்னு தினம் கேட்டுகினு கீறேன். சாமி மேல எப்டிம்மா வெடி வெக்கிறதுன்றாங்க."

கூப்பிய கையை இறக்குகிறேன்.

குன்றின் மறுபக்கம் விசில் ஊதுகிறார்கள். அங்கே வெடி வைக்கப் போகிறார்கள். வேலையாட்கள் ஓடிவந்து, தெறிக்கும் கல்லுக்குப் பயந்து, இந்தப் பாறைக்குப் பின்னால் பதுங்குகிறார்கள். நானும் பதுங்குகிறேன்.

அந்தப் பெண் கொஞ்சம் நகர்ந்து, எங்களுக்கு இடம் விடுகிறார்.