இணைப்பு: முன்சக்கர டயர், ஒரு சாண்

உத்தரவாத அட்டையின் நான்காவது நிபந்தனை இப்படிச் சொல்கிறது: தேய்மானக் குறி வெளியே தெரியும் முன்பே டயரில் பழுது ஏற்பட்டால், நிறுவனம் அதை ஆய்வு செய்து காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கும். எத்தனை நாளில் என்று சொல்லவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில், இதை எழுதியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படுக்கையில் இருக்கும் மனைவியின் அக்காவைப் பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவிக்கு இருவரும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தோம். வாராவாரம் போகிற வழிதான். மறுநாள் வண்டியைத் துடைக்கும்போது முன்டயரின் இடது பக்கவாட்டில் பாதிக் கோழிமுட்டை அளவுக்கு ஒரு புடைப்பு தெரிந்தது. வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. டயர் மேலுள்ள பட்டன் தேயாமல் அப்படியே இருந்தது.

பத்தமடை தாண்டியதும் வண்டி ஓர் இடத்தில் தூக்கிப் போட்டதே என்றாள் மனைவி. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றேன். பொய் சொல்லவில்லை, என் நினைவில் அப்படி எதுவும் இல்லை. அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், ஒரு விடையோடு விடமாட்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் மகளுக்குப் போன் போனது. அறுபத்தெட்டு வயதில் எதில் இடித்தோம் என்பதே தெரியவில்லை என்றால் வண்டியை விற்றுவிடுங்கள் என்றாள் மகள்.

நான்தான் சமரசம் சொன்னேன். குற்றம் டயருடையதா ஓட்டியவனுடையதா என்று கம்பெனியே எழுதித் தரட்டும். அதுவரை மனைவி பின்னால் ஏற வேண்டாம். என் குற்றம் என்று வந்தால் வண்டியை விற்றுவிடுகிறேன். இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன.

டயர் கடைக்காரர் எனக்கு இருபது வருடப் பழக்கம். டயர் ஆயிரத்து அறுநூற்றைம்பது, டியூப் முந்நூற்று இருபது, மாட்டிக்கொடுக்க நூற்றைம்பது என்றார். பழைய டியூப் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டேன். ஓடி ஓடி விரிந்த டியூபைப் புது டயருக்குள் திணித்தால் எங்காவது மடியும், மடிந்த இடத்தில் வெடிக்கும் என்று விளக்கினார். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவுவதையும், டயரில் அச்சிட்டிருக்கும் அம்புக்குறி ஓடும் திசையைப் பார்க்கும்படி மாட்டுவதையும் அன்றுதான் உட்கார்ந்து கவனித்தேன். எத்தனையோ வருடம் ஓட்டியும் அந்த அம்பு என் கண்ணில் பட்டதில்லை.

"கம்பெனி ஆளு மாசத்துல ஒருக்கா வருவாரு சார். பழச இங்கன போட்டுட்டுப் போங்க, பாத்துச் சொல்லிருவாரு."

எழுதித் தருவாரா என்றேன்.

"எழுத மாட்டாரு. கம்பெனி தப்புன்னா தலைய ஆட்டுவாரு. நம்ம தப்புன்னா சிரிப்பாரு."

சிரிப்பைக் கோப்பில் வைக்க முடியாது. புடைப்பு இருந்த பகுதியை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டித் தரச் சொன்னேன். வெட்டிவிட்டால் அது டயர் இல்லை, வெறும் ரப்பர் என்று அவர் தயங்கினார். மனுவோடு சேர்த்து அனுப்ப முடிகிற அளவில்தான் இணைப்பு இருக்க வேண்டும் என்று நான் அவருக்கு விளக்கினேன். அவர் வெட்டிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கடைக்குப் பின்னால் எறிந்தார். பதிவுத் தபாலில் அனுப்பினேன். உள்ளே என்ன என்று தபால் அலுவலகத்தில் கேட்டார்கள். இணைப்பு ஒன்று என்றேன்.

ஐப்பசி முழுக்கப் பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பஸ்ஸில் போனாள். நான் புது டயரோடு அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே போனேன். பின்கண்ணாடி வழியாக அவள் தலை தெரியும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பத்தமடை தாண்டியதும் பஸ் திடீரென்று வலது பக்கம் ஒதுங்கியது. நான் நேராகப் போனேன். வண்டி தூக்கிப் போட்டது. நிறுத்திவிட்டு நடந்து வந்து பார்த்தேன். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம், இடது ஓரத்தில். மூடிய மண் மழையில் இறங்கி, தாரின் விளிம்பு மூன்று விரல் உயரத்துக்கு நின்றது. இவ்வளவு பெரிய விளிம்பு எனக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் புதிராக இருந்தது. வலது கண்ணை மூடிப் பார்த்தேன். தாரும் மண்ணும் வயலும் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல ஒன்றாகிவிட்டன. இடது கண்ணை மூடினேன். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. நம்ப முடியாமல் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய்க்கால் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார், "என்ன அண்ணாச்சி, யாருக்குக் கண்ணடிக்கீரு? அங்கன ஆளே இல்லியே."

சேரன்மகாதேவி போய்ச் சேர்ந்ததும், அக்கா தூங்கிக்கொண்டிருந்த அறைக்கு வெளியே மனைவியிடம் சொன்னேன். இடித்தது நான்தான், இடது கண் சரியில்லை என்று. அவள் கோபப்படவில்லை.

"அன்னைக்கு எனக்கு இடுப்புல தெரிஞ்சுது. நீங்க ஒண்ணுமே நடக்கலன்னு சொன்னீங்க பாருங்க, அதுலதான் எனக்குப் பயம். இடிச்சதுல இல்ல."

கண் மருத்துவமனையில் புரை நன்றாக முற்றிவிட்டது, ஒற்றைக் கண்ணுக்கு மேடு பள்ளம் சரியாகப் பிடிபடாது என்றார்கள். ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று டாக்டர் கேட்டார். வலது கண் இரண்டு பேர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை என்றேன். எங்கள் அலுவலகத்திலும் அப்படிப் பல வருடம் ஓடியிருக்கிறது. பொங்கல் முடிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள்.

கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்த அன்று கம்பெனியின் கடிதம் வந்திருந்தது. எனக்குக் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் மனைவிதான் வாசித்தாள். டயர் முழுமையாக ஒப்படைக்கப்படாததால் பழுதின் காரணத்தைத் தீர்மானிக்க இயலவில்லை, வருந்துகிறோம். இரண்டே வரி, நல்ல நடை.

ஒப்பந்தப்படி வண்டியை விற்றுவிடுகிறேன் என்றேன். கம்பெனி எழுதாவிட்டாலும் காரணம் எனக்குத் தெரியுமே. அவள் கடிதத்தை மடித்தாள்.

"ஒரு மாசம் ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அது கழிச்சு நீங்க மட்டும் பத்தமடை வரைக்கும் பைய போயிட்டு வாங்க. அந்தப் பள்ளம் தூரத்துலயே தெரியுதான்னு பாத்து உள்ளதச் சொல்லுங்க. தெரிஞ்சா நான் ஏறுதேன். தெரியலன்னா வித்துருவோம்."

சரி என்றேன். கடிதத்தின் மேல் மூலையில் வந்த தேதியைக் குறிக்கச் சொன்னேன். குறித்தாள்: தை எட்டு, வியாழக்கிழமை.